பெயரில்லாத நோய்க்குப் பெயர் கிடைத்தது எப்படி?

புதிய பாக்டீரியா ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது என்று செய்தித்தாளில் படிக்கிறோம். யாரோ ஒருவர் நுண்ணோக்கியில் பார்த்தார், பெயர் சூட்டினார், அவ்வளவுதான் என்று எண்ணிவிடுகிறோம். உண்மை அப்படியல்ல. அதற்கு எவ்வளவு பொறுமை தேவை என்பதை 1976-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று நமக்குக் கற்றுத் தருகிறது.

அவ்வாண்டு ஜூலை 21 முதல் 24 வரை அமெரிக்காவின் பிலடெல்பியா நகர விடுதி ஒன்றில் முன்னாள் படைவீரர் மாநாடு நடைபெற்றது. வீடு திரும்பியவர்கள் பலர் கடும் காய்ச்சலிலும் நிமோனியாவிலும் விழுந்தனர். விடுதிப் பக்கம் வந்துபோனவர்களையும் சேர்த்து 221 பேர் நோயுற்றனர். 34 பேர் இறந்தனர். ஆகஸ்டு 1 முதல் 8 வரை அதே நகரில்தான் அன்னை தெரசா கலந்துகொண்ட அனைத்துலக நற்கருணை மாநாடு நடந்தது. பல நாட்டு இறைமக்கள் அங்கே கூடியிருந்த வேளையில் இறப்புச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. காரணம் எவருக்கும் தெரியவில்லை.

அட்லாண்டா நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர் ஜோசப் மெக்டேட், இறந்தவர்களின் நுரையீரல் திசுவைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். குச்சி வடிவப் பாக்டீரியாக்கள் ஒன்றிரண்டு தென்பட்டன. அவற்றை அவர் பொருட்படுத்தவில்லை. பிறகு கருவுற்ற முட்டைகளில் கிருமியை வளர்க்க முயன்றபோது, வேண்டாத கிருமிகள் கலந்துவிடாதிருக்க ஆன்டிபயாட்டிக் மருந்து சேர்த்தார். தேடிய கிருமியையே அது தடுத்துவிட்டது!

டிசம்பர் இறுதியில் பழைய கண்ணாடித் தகடுகளை மீண்டும் எடுத்துப் பார்த்தார். ஓரிடத்தில் அதே குச்சிகள் கூட்டமாகக் கிடந்தன. இம்முறை மருந்தின்றி முட்டையில் வளர்த்தார், வளர்ந்தது. ஆனால் நோய்க்குக் காரணம் இதுதானா? நோயுற்றவர்களின் இரத்தத்திலிருந்த எதிர்ப்பொருள்கள் அக்கிருமியை இனங்கண்டு பற்றிக்கொண்டன. 1977 ஜனவரி 18 அன்று முடிவு அறிவிக்கப்பட்டது. பாதுகாத்து வைத்திருந்த பழைய இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, 1965-இல் வாஷிங்டன் மருத்துவமனை ஒன்றில் பரவிய நோய்க்கும் இதுவே காரணம் எனத் தெரிந்தது. பல ஆண்டுகளாக நம்மிடையே இருந்தும் அது அறியப்படாமல் இருந்திருக்கிறது.

அடுத்த கேள்வி, இது எந்த இனத்தைச் சேர்ந்தது என்பது. குச்சி வடிவப் பாக்டீரியாக்கள் எத்தனையோ உண்டு. வடிவம் மட்டும் போதாது. என்ன உணவில் வளர்கிறது என்று பார்த்தார்கள். இதற்கு இரும்புச் சத்தும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலமும் தேவைப்பட்டன. பின்னர் டி.என்.ஏ.வை ஒப்பிட்டார்கள். தெரிந்த எந்தப் பாக்டீரியாவோடும் அது ஒத்துப்போகவில்லை. எனவே 1979-இல் புதிய இனம் மட்டுமன்றி, புதிய பேரினமும் புதிய குடும்பமுமே ஏற்படுத்தி, 'லெஜியோனெல்லா நியூமோஃபிலா' என்று பெயரிட்டனர். முதற்சொல் அந்தப் படைவீரர் அமைப்பை நினைவூட்டுகிறது. இரண்டாம் சொல்லுக்கு 'நுரையீரலை விரும்புவது' என்று பொருள். இப்பேரினத்தில் இன்று 60-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன.

இன்று மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து ஒப்பிடுகிறார்கள். ஒற்றுமை ஏறத்தாழ 95 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வேறு இனம் என்று கருதுகிறார்கள். அதோடு முடிவதில்லை. உயிருள்ள மாதிரியை இரு வேறு நாடுகளின் சேமிப்பு நிலையங்களில் ஒப்படைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம் என்பதே இதன் நோக்கம்.

வெறும் பெயருக்காகவா இத்தனை உழைப்பு? இல்லை. கிருமி தெரிந்ததால் பென்சிலின் இதற்குப் பயன்படாது, எரித்ரோமைசின் போன்ற மருந்துகள் பயன்படும் என்பது உறுதியானது. அது தண்ணீரில் வாழ்வதும், பெரிய கட்டடங்களின் குளிரூட்டும் அமைப்புகளிலிருந்து நுண்ணிய நீர்த்திவலைகளாக வெளிவந்து மூச்சோடு உள்ளே போவதும் தெரிந்தது. பொதுவாக மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவதில்லை. ஆகவே நோயாளியைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை. தண்ணீரைத் தூய்மையாக வைத்தால் போதும்.

பொருட்படுத்தாமல் விட்ட ஒன்றை மீண்டும் எடுத்துப் பார்க்கும் மனம் ஒருவருக்கு இருந்தது. அதனால் பல உயிர்கள் காக்கப்படுகின்றன. நாம் பொருட்படுத்தாமல் விட்டவற்றை மறுபடி ஒருமுறை பார்க்க நமக்கும் மனம் உண்டா?