பள்ளியில் மிஸ்ஸி இல்லாத நாளில் பிள்ளையை யார் பார்ப்பது?

'இனிப்பு நீர்' என்றாலே அது வயசானவங்க நோய் என்ற நினைப்பு நம் தோட்ட மக்களிடம் ஊறிப்போயிருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் அது வரும். முதல் வகை நீரிழிவில் பிள்ளையின் உடம்பில் இன்சுலின் சுரப்பது அநேகமாக நின்றே போகும். மிட்டாய் தின்றதால் வந்ததல்ல; பெற்றவள் செய்த குற்றமுமல்ல; ஒட்டிக்கொள்ளும் நோயுமல்ல.

1922-ல் கனடாவின் டொரோண்டோ நகரில் 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகள் நெடுநாள் பிழைத்ததில்லை. இன்று ஊசி இருக்கிறது. பிள்ளை படிக்கலாம், ஓடலாம், நாளைக்கு நல்ல வேலைக்கும் போகலாம். ஆனால் ஊசி, சாப்பாடு, ஓட்டம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பள்ளி நேரத்தில் இந்தக் கணக்கை யார் பார்ப்பது?

சில நாடுகளில் பள்ளிக்கென்றே தாதி உண்டு. நம் தமிழ்ப்பள்ளிகளுக்கோ அரசாங்கக் கிளினிக்கிலிருந்து பள்ளிச் சுகாதாரக் குழு வந்து போகிறது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் அந்த மிஸ்ஸிகளை நாம் எல்லாரும் அறிவோம். அவர்கள் வரும் நாள் சில. பிள்ளை பள்ளியில் இருக்கும் நாளோ பல. ஆகவே மிஸ்ஸி வரும் நாளில் அவரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "நீங்க இல்லாத நாளைக்கு எங்க வாத்தியார்களுக்குக் கத்துக் கொடுத்துட்டுப் போங்க, அம்மா!"

என்ன கற்றுக்கொடுப்பது? ஊசி போட்ட பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடாவிட்டாலோ, அதிகமாக ஓடினாலோ ரத்தத்தில் சீனி இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். சோம்பேறி, அடங்காப்பிள்ளை என்று வாத்தியார் நினைத்துவிடக் கூடாது. கருவியில் 4-க்குக் கீழே காட்டினால், கருவி கையில் இல்லாவிட்டாலும், உடனே இனிப்புத் தண்ணீர் கொடுக்க வேண்டும். பொதுவாக 3 தேக்கரண்டி சீனி. சின்னப் பிள்ளைக்கு டாக்டர் சொன்ன அளவு. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பிள்ளையைத் தனியாக ஆபீசுக்கு அனுப்பக் கூடாது. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 999-ஐ அழைக்க வேண்டும்.

இவற்றை டாக்டரோ தாதியோ ஒரே தாளில் எழுதித் தரட்டும். வகுப்பு ஆசிரியர், விளையாட்டு ஆசிரியர், கேண்டீன் அம்மா மூவரிடமும் ஒவ்வொரு பிரதி இருக்கட்டும். தாகம், அடிக்கடி சிறுநீர், உடம்பு மெலிவு என்று எந்தப் பிள்ளையிடம் கண்டாலும் உடனே கிளினிக்குக்கு அனுப்பட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பொம்பளப் பிள்ளை, வெளியே தெரிந்தால் கல்யாணம் ஆகாது என்று பள்ளியிடம் மறைக்காதீர்கள். மறைத்த நோய்க்கு முதலுதவி செய்ய ஆளிருக்காது. பாகற்காய்ச் சாறு குடித்தால் போதும் என்று ஊசியை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் வாந்தி, பெருமூச்சு, கடைசியில் உயிருக்கே ஆபத்து.

மதிய ஊசி போடுவதற்காக வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடும் தாய்க்கு அன்றைய கூலி போகிறது. கூலி போகிறதென்று பிள்ளையை வீட்டில் நிறுத்தினால் படிப்பு போகிறது. இரண்டும் போகாமலிருக்க வழி செய்வது பள்ளியின் கடமை மட்டுமல்ல, நம் கடமையும்தான். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து இதைக் கேளுங்கள். தோட்டத் தலைவர்கள் உடன் நின்று கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்; இது நாம் சங்கத்தில் கற்ற பாடம்.