பையில், வண்டியில் யாரோ ஒளித்து வைத்த டிராக்கர்: உங்கள் போனே காட்டிக்கொடுக்கும்... அடுத்து என்ன செய்யணும்?

சிதம்பரத்தில் வீடு, கடலூரில் வேலை. காலையில் பஸ், பகலெல்லாம் மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ், சாயங்காலம் தோழிகளோடு சில்வர் பீச்சில் கொஞ்ச நேரம், ராத்திரி மறுபடியும் பஸ். வீட்டுக்கு வந்து பையை வைத்ததும் ஒரு பெண்ணின் போனில் நோட்டிஃபிகேஷன் வருகிறது: 'உங்களுக்குச் சொந்தமில்லாத டிராக்கர் ஒன்று உங்களோடு பயணிக்கிறது.'

தொட்டுப் பார்த்தால் மேப் திறக்கிறது. பஸ் ஸ்டாண்ட், புதுச்சத்திரம், மஞ்சக்குப்பம், சில்வர் பீச், கடைசியில் அவர் வீட்டுத் தெரு. அன்றைக்கு அவர் போன இடமெல்லாம் வரிசையாக இருக்கிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் நடக்காத விஷயமில்லை. அகமதாபாத்தில் ஒரு பெண்ணுக்கும் அவர் மகளுக்கும் காரில் போகும்போது இப்படி எச்சரிக்கை வந்தது. தேடியபோது டிரைவர் சீட் கவருக்குள் ஏர்டேக் கிடைத்ததாகச் செய்தி வெளியானது.

இப்படி ஒரு எச்சரிக்கை வந்தால் பலருக்கும் முதலில் தோன்றுவது, அந்த டேக்கைத் தேடி எடுத்து உடைத்துத் தூக்கிப் போடுவதுதான். அந்த அவசரம்தான் ஆபத்து. ஏன்னு பார்ப்போம்.

இந்தக் குட்டி டேக் எப்படி வேலை செய்கிறது?

ஆப்பிள் ஏர்டேக் 2021 ஏப்ரலில் அறிமுகமானது. இந்தியாவில் அப்போது விலை 3,190 ரூபாய். எடை 11 கிராம், வாட்ச் பேட்டரி மாதிரியான சிஆர்2032 பேட்டரி, ஒரு வருடம் வரை ஓடும். சாம்சங் ஸ்மார்ட்டேக், ஜியோடேக் என்று வேறு பலவும் இருக்கின்றன. சாவி, பர்ஸ், லக்கேஜ் தொலைந்தால் கண்டுபிடிக்கத்தான் இவை.

ஏர்டேக்கில் ஜிபிஎஸ் கிடையாது, சிம்மும் கிடையாது. 'நான் இங்கே இருக்கேன்' என்று ப்ளூடூத் சிக்னலை மட்டும் விட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்தில் போகிற யாரோ ஒருவரின் ஐபோன் அதைப் பிடித்து, தான் இருக்கும் இடத்தை ஆப்பிள் சர்வருக்கு அனுப்பும். டேக்கின் உரிமையாளர் தன் போனில் அதைப் பார்ப்பார். கூகுளின் நெட்வொர்க்கில் இயங்கும் டேக்குகளுக்கு ஆண்ட்ராய்டு போன்கள் இதே வேலையைச் செய்கின்றன.

அதனால் சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் மாதிரி கூட்டமான இடத்தில் தகவல் சீக்கிரம் போகும். பரங்கிப்பேட்டைப் பக்கம் ஆளில்லாத சாலையில் தாமதமாகலாம். பையை வைத்திருப்பவரிடமே ஐபோன் இருந்தால், அவர் போனே அவர் இருக்கும் இடத்தை அடுத்தவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு.

போன் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டேக் அதன் உரிமையாளரின் போனுக்குப் பக்கத்தில் இருக்கும்வரை பிரச்னை இல்லை. பிரிந்து ரொம்ப நேரமானால் 'பிரிந்த நிலை'க்குப் போகிறது. அந்த நிலையில் அதன் அடையாள எண் சுமார் ஒரு நாளைக்கு மாறாமல் இருக்கும். அதே எண் உங்களோடு நாலு இடத்துக்கு வந்தால், போன் கவனித்து எச்சரிக்கும்.

முதலில் ஐபோன்களில் மட்டும்தான் இந்த வசதி இருந்தது. 2023 ஜூலையில் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. 2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து பொது விதிமுறையைக் கொண்டுவந்தன. அதன்படி ஐஓஎஸ் 17.5-க்கு மேற்பட்ட ஐபோன்களும், ஆண்ட்ராய்டு 6-க்கு மேற்பட்ட போன்களும், விதிமுறையை ஏற்ற மற்ற கம்பெனி டேக்குகளையும் கண்டறியும்.

செட்டிங்ஸில் என்ன பார்க்கணும்?

ஆண்ட்ராய்டு: செட்டிங்ஸைத் திறந்து மேலே உள்ள தேடலில் 'அன்நோன் டிராக்கர் அலர்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். பல போன்களில் இது 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி' பகுதியில் இருக்கும். 'அலோ அலர்ட்ஸ்' ஆன் ஆகியிருக்கணும். சந்தேகம் இருந்தால் அங்கேயே 'ஸ்கேன் நவ்' தட்டலாம், சில நொடிகளில் முடிந்துவிடும். ஸ்கேன் செய்யும்போது உங்கள் சொந்த டேக்குகளைத் தள்ளி வையுங்கள்.

ஐபோன்: தனியாக ஆப் தேவையில்லை. ப்ளூடூத், லொக்கேஷன் சர்வீசஸ், டிராக்கிங் நோட்டிஃபிகேஷன்ஸ் மூன்றும் ஆன் ஆகியிருக்கணும்.

சார்ஜ் மிச்சம் பிடிக்க ப்ளூடூத்தை ஆஃப் செய்து வைக்கும் பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. ஆஃப் செய்தால் இந்தக் காவல் வேலை செய்யாது.

கூடுதலாக ஒரு கண் வேண்டும் என்றால், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'ஏர்கார்ட்' என்ற இலவச ஆப் இருக்கிறது.

எல்லா எச்சரிக்கையும் ஆபத்தா?

இல்லை. அண்ணனிடம் இரவல் வாங்கிய ஸ்கூட்டியின் சாவியில் டேக் இருக்கலாம். அம்மா தன் பையை உங்களிடம் கொடுத்துவிட்டு மறந்திருக்கலாம். முதலில் 'இன்னைக்கு என்கிட்ட இருக்கிறது எது எது என்னுடையது இல்லை?' என்று யோசியுங்கள். கடலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் பையில் டேக் இருந்தால், பெரும்பாலும் எச்சரிக்கை வராது. காரணம், அவருடைய போனும் அவரோடுதானே வருகிறது.

இதிலேயே ஒரு பலவீனமும் ஒளிந்திருக்கிறது. டேக் வைத்தவர் ஒரே வீட்டில் இருப்பவர் என்றால், அவர் போன் அடிக்கடி பக்கத்தில் இருக்கும். அப்போது எச்சரிக்கை தாமதமாகலாம், வராமலும் போகலாம். பையிலோ வண்டியிலோ கை வைக்க முடிந்தவர் பெரும்பாலும் தெரிந்தவர்தான் என்பதால் இதை மறக்கக் கூடாது.

எச்சரிக்கை வந்துவிட்டது... படிப்படியாக என்ன செய்யணும்?

1. முதலில் ஸ்கிரீன்ஷாட். நோட்டிஃபிகேஷன், மேப், நேரம் மூன்றும் தெரியணும்.

2. வழியில் இருந்தால் நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்குப் போய், நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லுங்கள். யாரோ பின்னால் வருகிறார்கள் என்று தோன்றினால் உடனே 112. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' ஆப்பில் உள்ள சிவப்பு பட்டனையும் அழுத்தலாம்.

3. தேடுங்கள். எச்சரிக்கையிலேயே 'ப்ளே சவுண்ட்' இருக்கும். அதை அழுத்தினால் உரிமையாளருக்குத் தகவல் போகாது. ஆனால் ஸ்பீக்கரைக் கழற்றிய டேக் சத்தம் போடாது, அப்போது கையால்தான் தேடணும். பையின் லைனிங், ஸ்கூட்டி டிக்கி, சீட்டுக்கு அடியில், நம்பர் பிளேட்டுக்குப் பின்னால், மட்கார்டின் உள்பக்கம். காரில் சீட் கவர், ஸ்டெப்னி வைக்கும் இடம், பம்பர். புதிதாக வந்த கிஃப்ட், கீ-செயினையும் பாருங்கள்.

4. கிடைத்தால், இருக்கும் இடத்திலேயே போட்டோ எடுங்கள். துணியாலோ பிளாஸ்டிக் கவராலோ பிடியுங்கள், கைரேகை அழியாமல் இருக்கட்டும்.

5. ஏர்டேக் என்றால் அதன் வெள்ளைப் பக்கத்தை என்எஃப்சி உள்ள போனின் பின்பக்கம் காட்டுங்கள். ஒரு பக்கம் திறக்கும். அதில் சீரியல் நம்பர் இருக்கும், உரிமையாளரின் போன் நம்பரில் கடைசி நான்கு எண்களும் தெரியலாம். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்த நாலு எண் தெரிந்தவருடையதாக இருந்தாலும், நீங்களே போன் போட்டுச் சண்டைக்குப் போக வேண்டாம்.

6. எங்கே ஆஃப் செய்வது என்று முடிவு செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றியதும் இடம் தெரிவது நின்றுவிடும். ஆனால் கடைசியாக இருந்த இடம் உரிமையாளரின் போனில் நிற்கும். விஷயம் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் புரியும். அதனால் வீட்டில் கழற்றாமல், போலீஸ் ஸ்டேஷனில் கழற்றுவது நல்லது. ஏர்டேக்கின் ஸ்டீல் பக்கத்தை அழுத்தி, இடதுபக்கமாகத் திருகினால் மூடி வந்துவிடும்.

உடைத்துத் தூக்கிப் போட்டால் சீரியல் நம்பரும் போய்விடும். முறைப்படி போலீஸ் கேட்டால், அந்த எண்ணை வைத்து டேக் எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டது என்ற தகவலை ஆப்பிளிடம் பெற முடியும். குப்பைத் தொட்டிக்குப் போகும் டேக்கோடு அந்த வழியும் போய்விடுகிறது.

எங்கே புகார் கொடுப்பது?

கடலூரிலும் சிதம்பரத்திலும் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. வீடு சிதம்பரத்தில், டேக் கிடைத்தது புதுச்சேரியில் என்றால் எந்த ஸ்டேஷன் என்று குழப்பம் வரும். அந்தக் கவலை வேண்டாம். பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். 'ஜீரோ எஃப்ஐஆர்' என்பது இதுதான். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம்.

பெண்ணைப் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவில் குற்றம். முதல் முறைக்கு 3 ஆண்டு வரை, மீண்டும் செய்தால் 5 ஆண்டு வரை சிறை. இதை 5, 7 ஆண்டுகளாக உயர்த்தும் திருத்த மசோதாவை 2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது.

ஆனால் 78-வது பிரிவில் 'டிராக்கர்' என்ற வார்த்தை கிடையாது. விருப்பமில்லை என்று சொன்ன பிறகும் பின்தொடர்வது, தொடர்புகொள்ள முயல்வது, இணைய நடவடிக்கையைக் கண்காணிப்பது பற்றித்தான் அது பேசுகிறது. எனவே டேக்கோடு நிறுத்திவிடாமல், வந்த போன் கால், மெசேஜ், வழிமறித்த சம்பவம் எல்லாவற்றையும் தேதியோடு புகாரில் எழுதுங்கள்.

சந்தேகம் வீட்டுக்குள் இருப்பவர் மேல் என்றால் 181 மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம். முடிந்தால், அவர் கை படாத வேறொரு போனிலிருந்து பேசுங்கள்.

ஸ்கேனில் ஒன்றும் வரலையா?

அப்படியென்றால் யாரும் கண்காணிக்கவில்லை என்று அர்த்தமில்லை. சிம் போட்ட ஜிபிஎஸ் டிராக்கர் இந்த ஸ்கேனில் சிக்காது. வண்டியில் சந்தேகம் என்றால், நம்பிக்கையான மெக்கானிக்கிடம் முழுசாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

போனையும் ஒருமுறை சோதியுங்கள். கூகுள் மேப்ஸில் லொக்கேஷன் ஷேரிங் யாருக்கு ஆன் ஆகியிருக்கிறது? வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலில் தெரியாத கம்ப்யூட்டர் இருக்கிறதா? உங்கள் கூகுள் கணக்கு பழைய போன் எதிலாவது இன்னும் திறந்திருக்கிறதா? 'போன் செட் பண்ணித் தரேன்' என்று வாங்கியவர் இதையெல்லாம் செய்துவைத்திருந்தால் டேக்கே தேவையில்லை. இங்கேயும் முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகுதான் ஆஃப்.

அந்த சிதம்பரம் பெண்ணுக்கு வருவோம். எச்சரிக்கை வரும்போது அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். கதவைப் பூட்டிக்கொண்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீட்டிலோ பக்கத்திலோ நம்பிக்கையானவரை அழைத்து, அவரோடு சேர்ந்து பையைச் சோதித்து, டேக்கை உடைக்காமல் கவரில் போட்டு, மகளிர் காவல் நிலையத்துக்குப் போகணும். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் 112-ஐ அழைத்தால் போலீஸே வருவார்கள்.

இதைப் படித்து முடித்ததும் செட்டிங்ஸைத் திறந்து அந்த அலர்ட் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே அம்மா, தங்கை போனிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.