குடியை விட்டவரின் மாலை நேரம்: உடற்பயிற்சி எங்கே உதவும், எங்கே உதவாது?

"இனிமேல் தொடவே மாட்டேன்" என்று அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுச் சொன்னவர், பத்தாவது நாள் மீண்டும் தள்ளாடியபடி வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். "இவருக்கு ஈமானே இல்லை" என்று வீட்டில் உள்ளவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவரும் அப்படியே நம்பிவிடுகிறார். பள்ளிவாசலுக்குப் போவதை நிறுத்துகிறார், உறவினர் வீட்டு நிக்காஹ்களைத் தவிர்க்கிறார். குடி இன்னும் கூடுகிறது.

இந்தக் கதை நம் சமுதாயத்தில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. குடி ஹராம் என்பதில் இரண்டாவது கருத்து இல்லாததால்தான் நம் வீடுகளில் அது அதிகமாக மறைக்கப்படுகிறது. மறைக்கப்படுவதால் சிகிச்சையும் தள்ளிப்போகிறது. மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 சதவீதம் பேர், அதாவது சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற 37 பேரும் தானாக விட முயன்று கொண்டிருக்கிறார்கள், அல்லது முயற்சியையே கைவிட்டிருக்கிறார்கள்.

குடியை விட்ட ஆரம்ப மாதங்களில் உடற்பயிற்சி எந்த அளவுக்குத் துணை நிற்கும் என்பதைக் குடும்பங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

காலியாகிப்போகும் அந்த நேரம்

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களை எடுத்துக்கொள்வோம். சுற்றுவட்டாரத்தில் விசைத்தறி, கரும்பு, கட்டட வேலை. இல்லையென்றால் திருத்தணியில் ரயிலேறிச் சென்னைக்குப் போய்த் திரும்பும் வேலை. டாஸ்மாக் கடை பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கிறது. கொஞ்ச தூரம் போனால் ஆந்திர எல்லை, அந்தப் பக்கம் வேறு கடைகள். வேலை முடிந்து கூலி கையில் வரும் நேரமும், உடல் களைத்துப் பசிக்கும் நேரமும், கூட்டாளிகள் கூப்பிடும் நேரமும் ஒன்றுதான். நம் கணக்கில் சொன்னால் அஸருக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம்.

பல வருடம் அந்த நேரத்தில் குடித்துப் பழகியவருக்கு, மணி ஆறானதுமே உடல் தானாகக் கேட்க ஆரம்பிக்கும். மது, மூளையில் இன்ப உணர்வைத் தரும் டோபமின் என்ற வேதிப்பொருளை இயல்புக்கு மேல் சுரக்க வைக்கிறது. திடீரென்று மது நின்றதும் சில வாரங்களுக்கு எதிலும் சுவை இருக்காது. தூக்கம் வராது, எரிச்சல் வரும், சாதாரணச் சொல்லும் குத்தும். பசி, கோபம், தனிமை, சோர்வு ஆகிய நான்கும் மீண்டும் குடிக்கத் தூண்டுபவை என்று குடிநோய் ஆலோசகர்கள் எச்சரிப்பது வழக்கம். மாலையில் இவை நான்கும் சேர்ந்தே வருகின்றன.

"குடிக்காதே" என்ற சொல் அந்த நேரத்தைக் காலியாக்குகிறது. அதை எதைக் கொண்டு நிரப்புவது என்று யாரும் சொல்வதில்லை.

குர்ஆன் கற்றுத்தந்த வழி

மதுத் தடை ஒரே நாளில் இறங்கவில்லை என்பது நமக்குத் தெரியும். முதலில் அதன் தீமை நன்மையைவிடப் பெரியது என்று சொல்லப்பட்டது (2:219). பிறகு போதையில் தொழுகையை நெருங்கக் கூடாது என்ற கட்டளை வந்தது (4:43). இறுதியாக முழுமையான தடை வந்தது (5:90, 91). இரண்டாவது கட்டளையின் விளைவைத் தஃப்சீர் நூல்கள் விளக்குகின்றன: ஐவேளைத் தொழுகைக்கு நடுவே குடித்துத் தெளிய நேரமே இல்லாமல் போனது. குடிப்பவர்கள் இஷாவுக்குப் பிறகு அல்லது சுபுஹுக்குப் பிறகு என்று சுருங்கிப் போனார்கள். குடிக்கு இருந்த நேரத்தைத் தொழுகை எடுத்துக்கொண்டது.

இன்று நமக்கு இறுதிச் சட்டம்தான் சட்டம். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம் என்பதற்கு இதில் ஆதாரம் இல்லை. ஆனால் ஒரு பழக்கம் போகும் இடத்தில் இன்னொன்று வர வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது. தொழுகையோடு சேர்ந்து அந்த மாலையை நிரப்பக்கூடிய எளிய வேலைகளில் ஒன்றுதான் உடற்பயிற்சி. பலவீனமான முஃமினைவிடப் பலமுள்ள முஃமின் அல்லாஹ்வுக்கு விருப்பமானவர் என்ற நபிமொழி (முஸ்லிம் 2664) நாம் அறிந்ததே.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2004-இல் லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. மதுவின் பிடியிலிருந்து உடல் அப்போதுதான் தெளிந்திருந்த 20 நோயாளிகளை 10 நிமிடம் மிதமான வேகத்தில் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். மிதிக்கும் நேரத்தில் குடிக்கும் ஆசை குறைந்தது. நிறுத்திய பிறகு அந்தப் பலன் நீடிக்கவில்லை. பலன் சிறியதுதான் என்றாலும் பயன்படக்கூடியது. குடிக்கும் வெறி அலை போல எழுந்து, பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த நேரத்தைக் கடக்கக் கால்களுக்கு ஒரு வேலை கொடுத்தால் போதும்.

2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வு சொன்னது வேறு. உடற்பயிற்சியால் குடிநோயாளிகளின் மனச்சோர்வு குறைந்தது, உடல் தகுதி கூடியது. ஆனால் குடிக்கும் அளவு குறிப்பிடத்தக்க அளவில் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆகவே உடற்பயிற்சி மட்டுமே குடிக்கு மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிகிச்சை, ஆலோசனை, குடும்பம், தொழுகை ஆகியவற்றோடு சேரும்போதுதான் அது பலன் தரும்.

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. மும்பையில் ரவுடிக் கும்பலில் இருந்து, போதைக்கு அடிமையாகிக் கிடந்தவர் ராகுல் ஜாதவ். புனேயில் 1986 முதல் இயங்கும் முக்தாங்கன் மறுவாழ்வு மையத்தில் சிகிச்சை பெற்றார். பிறகு நெடுந்தூர ஓட்டக்காரரானார். மும்பையிலிருந்து டெல்லி வரை ஓடி முடித்தார். தன்னைப் போன்றவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பணியிலும் சேர்ந்தார். இதில் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் சிகிச்சை, பிறகு ஓட்டம்.

அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் என்ற அமைப்பு, போதையை விட்டவர்களை ஒன்றுசேர்த்து இலவசமாக உடற்பயிற்சி செய்ய வைக்கிறது. கடைசி 48 மணி நேரம் போதை தொடாமல் இருந்தால் போதும், வரலாம். குடியை விட்டவர் இழப்பதில் பெரியது அவருடைய கூட்டாளிகள். ஆகவே புதிய கூட்டமும் கிடைக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

முதலில் மருத்துவர், பிறகு நடை

தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்து கைநடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரியும், காய்ச்சல் அடிக்கும். இது உடனடியாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை. இதைப் பேய், ஜின் என்று நினைத்து நேரத்தை வீணாக்கக் கூடாது.

ரமலானில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. முதல் பிறையோடு குடியை நிறுத்தும் பழக்கம் பலருக்கு உண்டு. இரண்டாம் நாள் கை நடுங்கினால் நோன்புக் களைப்பு என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். அது மதுவை நிறுத்தியதன் பாதிப்பாக இருக்கலாம். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பிறகு கணக்கிட்டு நோற்கும் சலுகை உண்டு (2:184). நோன்பைத் தள்ளிவைப்பது பற்றி ஆலிமிடம் கேளுங்கள். மருத்துவமனைக்குப் போவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ, சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையையோ அணுகலாம். சென்னையில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை 1980 முதல் குடிநோய்க்கெனவே இயங்குகிறது. அதைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடியால் இழந்தவர். நோயாளியோடு குடும்பத்தினருக்கும் அங்கே ஆலோசனை தருகிறார்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவி எண் 14416, இரண்டும் இலவசம்.

எப்படித் தொடங்குவது?

மருத்துவர் சம்மதித்த பிறகு, முதல் வாரம் பத்து நிமிட நடை போதும். உடல் தாங்குவதைப் பார்த்து வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி என்ற இடத்துக்கு வந்தால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் நிறைவாகிவிடும்.

"நாள் முழுக்கத் தறியில் நிற்கிறவனுக்கு எதற்கு உடற்பயிற்சி?" என்ற கேள்வி நியாயமானது. வேலையில் கிடைப்பது பெரும்பாலும் களைப்பும் மூட்டுவலியும்தான். அந்த வலிக்குத்தான் பலர் குடிக்கவே ஆரம்பித்தார்கள். இவர்களுக்கு ஓட்டமோ எடை தூக்குவதோ தேவையில்லை. முதுகு, தோள், கெண்டைக்கால் தசைகளை மெதுவாக நீட்டி மடக்கும் பயிற்சியும், நிதானமான நடையும், ஆழ்ந்த மூச்சும் போதும். உட்கார்ந்து வேலை செய்பவர்கள் வேகமாக நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், பிள்ளைகளோடு பந்து விளையாடலாம்.

நேரம்தான் முக்கியம். அஸர் முடிந்ததும், அல்லது வேலையிலிருந்து வந்ததும், முதலில் வயிறு நிறைய ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். வெறும் வயிறு குடியை அழைக்கும். கொஞ்சம் இளைப்பாறியதும் நடை, பிறகு மஃரிப். போகும் பாதையில் கடையோ பழைய கூட்டாளிகள் கூடும் இடமோ இருக்கக் கூடாது. வழக்கமாகக் கடைக்குப் போக எடுக்கும் பைக்கை அந்த நேரத்தில் தொடாமல் இருப்பதும் நல்லது. மாலையில் வேலை முடியாதவர்கள் இஷாவுக்குப் பிறகு நடக்கலாம். கடை மூடும் பத்து மணி வரைக்கும் அவரைத் தனியாக விடாமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

சில எச்சரிக்கைகள்:

- சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், நெஞ்சு படபடப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கடுமையான பயிற்சி செய்யக் கூடாது. கல்லீரல் கெட்டு வயிறு வீங்கியவர்கள் எடை தூக்கவே கூடாது.
- ஆட்டம் முடிந்ததும் பாட்டில் திறக்கும் கிரிக்கெட் குழுவில் சேர்ந்தால் பயிற்சியால் பயனில்லை. யாரோடு என்பதைப் பார்த்துச் சேருங்கள்.
- உடம்பு தேற என்று அரிஷ்டம், ஆசவம் வாங்கிக் கொடுக்காதீர்கள். அவற்றில் நொதிப்பால் உண்டான ஆல்கஹால் இருக்கிறது. சில இருமல் மருந்துகளிலும் உண்டு.
- அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரையோ பொடியோ கலக்காதீர்கள். குடியை வெறுக்க வைக்கும் மாத்திரை உடலில் இருக்கும்போது குடித்தால் உயிர் போகவும் வாய்ப்பு உண்டு.

குடும்பமும் ஜமாஅத்தும்

"போய் நடந்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்புவதைவிட "வாங்க, நடக்கலாம்" என்று கூட வருவது பலமடங்கு உதவும். மனைவியோ, வளர்ந்த மகனோ, அண்ணன் தம்பியோ ஒருவர் கூட நடக்கட்டும். அந்த நேரத்தில் பழைய கணக்கைப் பேச வேண்டாம். "அத்தா இன்றைக்கு நம்மோடு வந்தார்" என்பது பிள்ளைகளுக்கும் மருந்துதான்.

ஜமாஅத்துகளும் இதைச் செய்யலாம். கேரளாவின் மலப்புறம் மாவட்டம் கொண்டோட்டியில் தொடங்கிய "மெக் 7" என்ற 21 நிமிடக் கூட்டு உடற்பயிற்சி, பொது மைதானங்களில் அதிகாலையில் நடக்கிறது. அது குடிநோயாளிகளுக்காக ஏற்பட்டதல்ல. ஆனால் சுபுஹு தொழுதுவிட்டு வயது வித்தியாசமின்றிச் சேர்ந்து பயிற்சி செய்வது நமக்கு முடியாத காரியமல்ல என்பதைக் காட்டுகிறது. "குடியை விட்டவர்களுக்கான நடை" என்று பெயர் வைத்தால் ஒருவரும் வர மாட்டார். எல்லோருக்கும் பொதுவான நடை என்று வைத்தால், மறைத்துக்கொண்டு போராடும் ஒருவரும் கூச்சமில்லாமல் வந்து சேருவார்.

ஒருநாள் தவறிவிட்டால்? நபி (ஸல்) அவர்கள் காலத்தில் குடித்ததற்காகத் திரும்பத் திரும்பத் தண்டனை பெற்ற ஒருவர் இருந்தார். ஒருமுறை கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள் (புகாரி 6780). தண்டனையும் நின்றுவிடவில்லை, அந்த மனிதரும் விரட்டப்படவில்லை. தவறியவரிடம் மறுநாள் சொல்ல வேண்டியது, "இன்றைக்கு அஸருக்குப் பிறகு நடப்போம்" என்பதுதான். அதோடு, எங்கே சறுக்கியது என்பதை மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.

அதே வேளையில் ஸப்ர் என்ற பெயரில் அடி உதையைத் தாங்கிக்கொள்ளும்படி எந்தப் பெண்ணிடமும் சொல்லாதீர்கள். வீட்டில் வன்முறை இருந்தால் பெண்களுக்கான உதவி எண் 181. அவர் குணமாகும் வரை மனைவியும் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருக்க வேண்டியது கட்டாயம்.

குடியை விட்டு நிற்கும் ஒவ்வொரு சகோதரருக்கும் அவருடைய மாலை நேரங்களை அல்லாஹ் எளிதாக்கி, அவர்களோடு கூட நடக்கும் மனதை நமக்கும் தருவானாக. ஆமீன்.