திரையில் சுழலும் அம்பு

மீன்பிடிப் படகில் எஞ்சினை நிறுத்திப் பாருங்கள். கையடக்க ஜி.பி.எஸ். கருவியின் திரையில் அதுவரை நேராக ஓடிய அம்புக்குறி வேறு பக்கம் திரும்பிவிடும். படகின் அணியம் (முன்பக்கம்) கிழக்கே பார்த்திருக்க, அம்பு தெற்கே காட்டும். கருவியில் பழுது ஏதுமில்லை. நீரோட்டம் படகைத் தெற்கே இழுக்கிறது. அதைத்தான் அது காட்டுகிறது. கரையில் அசையாமல் நின்றால் அம்பு ஒரு நிலையில் நிற்காமல் சுழலவும் செய்யும்.

காரணம் எளிது. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்புவது நேரத்தையும் தங்கள் இருப்பிடத்தையும்தான். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. நாம் நகரும் திசைதான் தெரியும். மின்னணுத் திசைகாட்டி உள்ள கருவிகளில் இந்தக் குறை தீரும். ஆனால் எஞ்சின் அருகே வைத்தால் இரும்பு அதன் கணக்கைக் கெடுத்துவிடும்.

வரைபடமும் வானத்திலிருந்து வருவதில்லை. 1989இல் மெகல்லன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த கையடக்கக் கருவியில் வரைபடமே கிடையாது, எண்கள் மட்டும்தான். இன்றைய கருவியின் வரைபடம், யாரோ முன்பே வரைந்து நினைவகத்தில் ஏற்றி வைத்தது. திறந்த வானத்தின் கீழ் நம் இருப்பிடம் சில மீட்டர் பிழையோடு கிடைக்கிறது. கருவியோடு வரும் அடிப்படை வரைபடத்தில் கரைக்கோடோ அதைவிடப் பல மடங்கு விலகியிருக்கலாம். எவ்வளவு பெரிதாக்கினாலும் அதில் இல்லாத நுணுக்கம் வந்துவிடாது. தண்ணீரில் இருக்கும் படகைத் திரை தரையில் காட்டினால், நான் கோட்டைச் சந்தேகிப்பேன், அம்பு நிற்கும் இடத்தை நம்புவேன்.

திரையை வடக்கு மேலாக வைப்பதா, செல்லும் திசை மேலாக வைப்பதா? முகத்துவாரத்தில் நுழையும்போது இரண்டாவது வசதி; இடம் வலம் குழம்பாது. மற்ற நேரங்களில் வடக்கு மேலாக இருப்பதே நல்லது என்பேன். படம் அடிக்கடி சுழன்றால் கரையின் வடிவம் மனதில் பதிவதில்லை.

கருவி பூமியின் எந்த வடிவத்தை வைத்துக் கணக்கிடுகிறது என்ற புவிமாதிரி (datum) அமைப்பையும் கவனிக்க வேண்டும். நில அளவையாளர் லாம்டன் 1802இல் பரங்கிமலை அருகே தொடங்கிய அளவைப் பணியின் வழிவந்த பழைய இந்திய வரைபடங்கள், எவரெஸ்ட் என்ற அளவையாளர் கணித்த பூமி வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். பின்பற்றுவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறொரு புவிமாதிரியை. பழைய தாளிலிருந்து எடுத்த எண்ணை அப்படியே கருவியில் இட்டால், புள்ளி நூறு மீட்டருக்கு மேலும் தள்ளிப்போய் விழக்கூடும்.

அதைவிடப் பெரிய பிழை எண்களை எழுதும் முறையில் ஒளிந்திருக்கிறது. ஒருவர் வயர்லெஸ்ஸில் மீன் சேரும் பாரின் (கடலடிப் பாறைத்திட்டின்) இடத்தை “ஒன்பது டிகிரி, முப்பது, ஐம்பது” என்கிறார். அவர் கருவி காட்டுவது 30.50 நிமிடம். கேட்பவர் கருவியோ நிமிடம், வினாடி என்று பிரிப்பது. அவர் 30 நிமிடம் 50 வினாடி என்று பதிகிறார். ஓர் அட்சரேகை நிமிடம் சுமார் 1,852 மீட்டர். இரண்டுக்கும் இடையே 20 வினாடி, அதாவது 600 மீட்டருக்கு மேல். சின்னப் பாராக இருந்தால் வலை வெறும் மணலில்தான் இறங்கும். எண்ணைச் சொல்லும்போது புள்ளியையும் சேர்த்துச் சொன்னால் போதும்: “முப்பது புள்ளி ஐம்பது.”