தெருவிளக்குக் கம்பத்தில் ஒரு பிளக்

திருவல்லிக்கேணி மாதிரி இடத்தில் போர்ஷனில் குடியிருப்பவர் மின்சார ஸ்கூட்டர் வாங்க நினைத்தால், விலையை விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: எங்கே சார்ஜ் போடுவது? வண்டி நிற்பது தெருவில். ஹவுஸ் ஓனர் கீழே ஒரு பிளக் பாயின்ட் தரத் தயங்குவார். யார் மீட்டரில் ஓடுவது என்ற தகராறு. வேறு வழியில்லாமல் மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. மழைக்காலத்தில் அது உயிரோடு விளையாடுவது.

சொந்தப் பார்க்கிங் இல்லாத வீடுகள் லண்டனிலும் ஏராளம். அங்கே வெஸ்ட்மின்ஸ்டரில் சதர்லேண்ட் அவென்யூ என்ற சாலையின் 24 விளக்குக் கம்பங்களில், 2020 மார்ச்சில், சார்ஜ் பாயின்ட் பொருத்தினார்கள். சீமென்ஸ், யூபிட்ரிசிட்டி என்ற இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து செய்த வேலை. சாலையைத் தோண்டவில்லை. பழைய சோடியம் விளக்குக்குப் பதில் எல்இடி வந்தால் கம்பத்துக்கு வரும் மின்சாரத்தில் பெரும்பகுதி மிச்சம். அது காருக்குப் போகிறது. மெதுவாகத்தான் ஏறும். விடிய விடிய நிற்கும் வண்டிக்கு அது போதும்.

நம் ஊரில் பேச்செல்லாம் ஃபாஸ்ட் சார்ஜரைப் பற்றியே. நெடுஞ்சாலைக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் ஸ்கூட்டர் பேட்டரி மூன்று, நான்கு யூனிட்டில் நிரம்பிவிடும். இஸ்திரிப் பெட்டி இழுக்கும் கரண்ட் இருந்தால் காலைக்குள் வண்டி தயார். நகரங்களில் 2030-க்குள் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையமாவது வேண்டும் என்கின்றன மத்திய அரசின் 2024 வழிகாட்டுதல்கள். நல்ல இலக்குதான். ஆனாலும் இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து வருகிறவர், வண்டியை அரை கிலோமீட்டர் தள்ளி விட்டுவிட்டு நடந்து வரமாட்டார். சார்ஜர் அவர் தெருவிலேயே இருக்க வேண்டும்.

லண்டன் முறையை அப்படியே கொண்டுவர முடியாது. நம் தெருவிளக்கு லைனில் இரவில்தான் கரண்ட் வரும். பகலிலும் சார்ஜ் போட வேண்டுமானால் பக்கத்து பில்லர் பாக்ஸிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும். வெள்ளம் தேங்கும் தெருக்களில் இடுப்புக்கு மேல் உயரத்தில் பிளக், ஒழுங்கான எர்த், கசிவு இருந்தால் உடனே ட்ரிப் ஆகும் பிரேக்கர் – இவற்றில் சமரசமே கூடாது. பணம் கட்ட க்யூஆர் கோடு போதும்.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்கள் நாடெங்கும் ஓடுகின்றன. அவற்றைச் சென்னையில் வாடகை வீட்டுக்காரரும் ஓட்ட வேண்டாமா? மாநகராட்சியும் மின்வாரியமும் சேர்ந்து, போர்ஷன் வீடுகள் நெருங்கிய ஒரே ஒரு வார்டில் இந்த விளக்குக் கம்ப சார்ஜிங்கைத் தொடங்கிப் பார்க்கட்டும். உங்கள் தெருவுக்கு வேண்டுமென்றால் கவுன்சிலரிடம் இன்றே மனு கொடுங்கள்.