தங்கம் போனது, மேடு நின்றது

மட்டாஞ்சேரி சுள்ளிக்கல்லுக்குப் பக்கத்திலேயே கொச்சிக் காயல். கரையோரத்துக் கருஞ்சேற்றை அள்ளினால் வழவழவென்று விரலில் அப்பிக்கொள்ளும். அந்த வழவழப்பு களிமண்ணுடையது. பெரியாற்றங்கரையில் ஏலூர், எடயாறு தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகளாக வெளியேற்றிய துத்தநாகமும் காட்மியமும் காயலின் அடிச்சேற்றில் படிந்திருப்பதை ஆய்வாளர்கள் பலமுறை அளந்து காட்டியிருக்கிறார்கள். யாரும் ஏவாமலே களிமண் அந்த உலோகங்களைப் பிடித்து வைத்திருக்கிறது.

இதே வேலையைக் களிமண்ணிடம் திட்டமிட்டு வாங்க வேண்டிய ஊர் ஒன்று உண்டு. கர்நாடகத்தில் தமிழர்கள் உழைத்து உருவாக்கிய கோலார் தங்கவயல்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் வெட்டத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம் பக்கத்து ஏழைக் குடும்பங்கள், பெரும்பாலும் தலித் மக்கள், கூட்டம் கூட்டமாகப் போய்ச் சேர்ந்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம்வரை இறங்கி, 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கத்தை மேலே கொண்டுவந்தார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அவர்களுடைய பிள்ளைகள் இன்று விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள்.

தங்கம் எங்கெங்கோ போய்விட்டது. ஊரில் நின்றது மேடுதான். கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராம் தங்கமே தேறியது. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்தெடுத்தபின், மீதி அத்தனையும் சேறாக வெளியே கொட்டப்பட்டது. அப்படிக் குவிந்தது சுமார் 3.3 கோடி டன். 13 மேடுகளாக, ஆயிரம் ஏக்கரில், குடியிருப்புகளை ஒட்டியே நிற்கிறது. ஊரார் இதைச் சயனைடு மலை என்கிறார்கள்.

பெயரைக் கேட்டால் சயனைடுதான் பெரிய எதிரி என்று தோன்றும். உண்மையில் சயனைடு வெயிலிலும் காற்றிலும் மெல்லச் சிதைந்துவிடக்கூடியது. உலோகத்துக்குச் சிதைவு கிடையாது. தங்கப் பாறையோடு ஆர்செனிக், ஈயம், செம்பு போன்றவை சேர்ந்தே கிடப்பது உலகெங்கும் காணப்படுவது. பாறைக்குள் பூட்டிக் கிடந்தவரை அவற்றால் தொல்லையில்லை. மாவாக அரைபட்டபின் மழை கரைக்கிறது, காற்று தூக்குகிறது. அந்தத் தூசியில் சிலிக்காவும் உண்டு. 1940களில் தங்கவயல் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூறு பேரில் நாற்பது பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் இருந்தது. அது சுரங்கத்துக்குள் சுவாசித்த தூசி. மேட்டின் தூசி வீட்டுக்குள்ளேயே வருகிறது, குழந்தைகளும் சுவாசிக்கிறார்கள்.

களிமண் எப்படி உதவும்? எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் அது அப்பளக் கட்டுபோல அடுக்கடுக்கான தகடுகள். தகடுகளின் மேல் எதிர்மின்னூட்டம். அதைச் சமன் செய்யச் சோடியமும் கால்சியமும் இடுக்குகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈயமோ காட்மியமோ கலந்த தண்ணீர் உள்ளே புகுந்தால் சோடியம் இடத்தை விட்டுக்கொடுக்கும், நச்சு உலோகம் உட்கார்ந்துகொள்ளும். கட்ச், பார்மேர் பகுதிகளில் வெட்டியெடுக்கும் பென்டோனைட் இதில் கெட்டி. அதன் ஒரு கிராமில் தகடுகளையெல்லாம் விரித்துப் போட்டால் சுமார் 700 சதுர மீட்டர் வரும். கேரளத்தின் குண்டறையில் கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணான கயோலினுக்கு இந்தப் பிடிப்பு மிகக் குறைவு. களிமண் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் போதாது.

ஆர்செனிக் இன்னும் முரண்டு பிடிக்கும். தண்ணீரில் அதுவும் பெரும்பாலும் எதிர்மின்னூட்டத்தோடு திரிவதால் வெறும் களிமண் அதைத் தள்ளிவிடும். அதற்கு இரும்பு வேண்டும். மலபாரில் வீடு கட்ட வெட்டும் செம்புரைக்கல்லில் இரும்பு ஆக்சைடு நிறைய உண்டு. அதே வகைக் கல்லைப் பதப்படுத்தி, வங்காளத்தின் ஆர்செனிக் தண்ணீரை வடிகட்டும் முறையை ஐஐடி கரக்பூர் உருவாக்கியிருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். களிமண் நஞ்சை அழிப்பதில்லை, பிடித்து வைக்கிறது, அவ்வளவே. தண்ணீர் அமிலமானால் பிடி தளரும். உப்பு நீர் ஏறினாலும் காட்மியம் குளோரைடோடு சேர்ந்து கழன்று வரும். கொச்சிக் காயல் சேற்றை வாரி வேறிடத்தில் போடும்போது இதை நினைவில் வைத்தாக வேண்டும். தங்கவயலிலோ 3.3 கோடி டன் கழிவில் களிமண்ணைப் பிசைவது நடக்காத காரியம். செய்யக்கூடியது வேறு: மேட்டின்மேல் நீர் புகாதபடி களிமண்ணை இறுக்கிப் போர்த்தி, அதன்மேல் நல்ல மண் போட்டு வெட்டிவேரும் புல்லும் வளர்ப்பது, அடிவாரத்தில் கசியும் நீரைக் களிமண், செம்புரைக்கல் படுகை வழியாக விடுவது. இவற்றில் புரியாத வித்தை எதுவும் இல்லை. செலவு செய்ய மனம்தான் வேண்டும்.

இதற்கிடையில், அந்த மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலை வரும் என்று ஊர் எதிர்பார்க்கிறது, அது நியாயமே. ஆனால் மேட்டைக் கிளறினால் அடங்கிக் கிடக்கும் தூசி மறுபடி எழும், அரைத்த கழிவு மறுபடி எங்காவது கொட்டப்படும். எங்கே கொட்டுவார்கள், அடியில் எத்தனை அடி களிமண் போடுவார்கள், யார் காவல் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். முதல் மண்வெட்டி விழுவதற்கு முன் கிணற்று நீரிலும் காற்றிலும் உள்ள உலோக அளவை எடுத்து, தமிழிலும் கன்னடத்திலும் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளின் ஒவ்வொரு தெருவிலும் ஒட்டட்டும்.