வானிலிருந்து கூடம் வரை

புது வீட்டில் பால் காய்ச்சியாயிற்று. கூடத்துச் சுவரில் 43 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியும் மாட்டியாயிற்று. மறுநாள் டிஷ் பொருத்துபவர் வருகிறார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைப் பார்த்து, தளத்தில் துளையிட்டு, அரை மணியில் வேலையை முடித்துவிடுகிறார். படம் வருகிறது. ஆனால், "எச்.டி. என்று சொல்லிக் கூடுதலாகப் பணம் கட்டினோம். பழைய வீட்டில் பார்த்த படத்துக்கும் இதற்கும் வேற்றுமை ஒன்றும் தெரியவில்லையே!" என்கிறார் வீட்டுக்காரர். ஐப்பசி மழை பிடித்ததும் அந்தப் படமும் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. அடுத்த ஆண்டு, டிஷ் நின்ற இடத்துக்கு நேர் கீழே கூரையில் ஈரம் கசிகிறது.

இம்மூன்று தொல்லைகளுள் மழைச் சிதறலை ஓரளவும், மற்ற இரண்டை முழுவதும் தவிர்த்திருக்கலாம். அதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. படம் எங்கிருந்து, எவ்வழியாக, எவ்வளவு வலுவுடன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

அசையாமல் நிற்கும் கோள்

பூமியை வலம் வரும் எப்பொருளும் உயரம் கூடக் கூட மெதுவாகச் சுற்றும். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக் கோள் ஏறத்தாழ 90 நிமிடங்களில் ஒரு சுற்று முடிக்கிறது. நெடுந்தொலைவிலுள்ள சந்திரனோ 27 நாள் எடுத்துக்கொள்கிறது. அப்படியானால், இடையில் ஏதோ ஓர் உயரத்தில் சுற்றும் காலம் பூமி தன்னைத் தானே சுற்றும் காலத்துக்குச் சமமாக இருக்க வேண்டுமன்றோ? அந்த உயரம் 35,786 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, அவ்வுயரத்தில், பூமி சுழலும் திசையிலேயே சுற்றும் கோள் நம் கண்ணுக்கு வானில் ஒரே புள்ளியில் நிற்பதுபோல் இருக்கும். இத்தகைய கோள்களைக் கொண்டு உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே எழுதியவர் ஆர்தர் கிளார்க். பிற்காலத்தில் இலங்கையில் குடியேறி, 2008இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தவர் இவர்.

1975-76ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்ற கோளின் உதவியால் இந்தியாவின் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் நேரடியாகத் தொலைக்காட்சி கண்டன. அக்கிராமங்களில் வைத்த கம்பிவலை டிஷ்ஷின் அகலம் 3 மீட்டர். இன்று நம் மாடியில் 60 சென்டிமீட்டர் டிஷ் போதுமானதாக இருக்கிறது. அன்றைய அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். இன்றைய அலையின் நீளம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர். அலை குறுகியதாக இருந்தால் சிறிய டிஷ்ஷே அதைக் கூர்மையாகக் குவித்துவிடும்.

கூர்மையில் ஒரு சங்கடமும் உண்டு. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் 3 பாகை அளவே. இரண்டு பாகை திரும்பிவிட்டாலும் படம் போய்விடும். வந்து சேரும் திறனோ மிகச் சொற்பம். கோளில் நூறு வாட்டையொட்டிய திறனுடன் புறப்படும் அலை நாடு முழுவதும் பரவுகிறது. நம் டிஷ்ஷில் விழுவது ஒரு வாட்டில் கோடியில் ஒரு பங்கு, அதிலும் இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். ஒரு தென்னங்கீற்று குறுக்கே வந்தாலும் இந்த அற்பத் திறனில் பெரும்பகுதி வீணாகிவிடும்.

எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

தூர்தர்ஷனின் மாதக் கட்டணமில்லாத நேரடிச் சேவைக்குப் பயன்படும் ஜி-சாட் 15 என்னும் கோளை எடுத்துக்கொள்வோம். 2015இல் ஏவப்பட்ட இக்கோள் 93.5 பாகை கிழக்குத் தீர்க்க ரேகைக்கு மேலே நிற்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் இது கிட்டத்தட்டச் சரியான தென்கிழக்குத் திசையில், தொடுவானத்திலிருந்து 68 பாகை உயரத்தில் இருக்கும். மதுரை, கோவை ஆகிய ஊர்களில் உயரம் பெரிதும் மாறாது. திசை மட்டும் இன்னும் 11 அல்லது 12 பாகை கிழக்கே திரும்பும். தில்லியில் உயரம் 52 பாகைதான். வேறு நிறுவனங்கள் வேறு கோள்களைப் பயன்படுத்துகின்றன. 83 பாகையில் நிற்கும் கோள் சென்னைக்கு ஏறக்குறையத் தெற்கே, 74 பாகை உயரத்தில் அமையும். ஆகவே, எந்த நிறுவனம், எந்தக் கோள் என்பதை முதலில் கேட்டறிவது நல்லது.

68 பாகை என்பது நமக்கு ஒரு வரப்பிரசாதம். தென்கிழக்கில் பக்கத்து வீட்டுச் சுவர் 2 மீட்டர் தொலைவில் இருந்தாலும், அது டிஷ்ஷைவிட 5 மீட்டர் உயரம்வரை எழும்பலாம், கோள் மறையாது. ஒரு மீட்டர் தொலைவுக்கு இரண்டரை மீட்டர் உயரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தலைக்கு மேலுள்ள தடைகள் ஆபத்தானவை. அடுக்குமாடி வீட்டின் பால்கனி தென்கிழக்கைப் பார்த்திருந்தாலும், மேல்வீட்டுப் பால்கனியின் தளம் கோளை மறைத்துவிடக்கூடும். வடமேற்கைப் பார்த்த பால்கனியில் டிஷ் வைத்துப் பயனே இல்லை. வீட்டை வாங்குமுன் இதைப் பார்ப்பவர் சிலரே.

ஓர் ஐயம் எழலாம். மாடிகளில் உள்ள டிஷ்கள் அவ்வளவு மேலே பார்ப்பதாகத் தோன்றவில்லையே? அவை பரவளைய வடிவத்தின் நடுப்பகுதி அல்ல; ஓரத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள். அதனால், டிஷ்ஷின் முகம் காட்டும் திசைக்குச் சுமார் 25 பாகை மேலேதான் அதன் உண்மையான பார்வை செல்லும். எல்.என்.பி.யைத் தாங்கும் கை கீழ்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதும் இதனாலேதான்.

சூரியனே சாட்சி

கருவியே இல்லாமல் இடத்தைச் சோதிக்க ஓர் அழகிய வழி உண்டு. ஆண்டுக்கு இருமுறை சூரியன், நம் பார்வையில், கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. சென்னையில் ஜி-சாட் 15க்கு இது மார்ச் 15ஐ ஒட்டிய நாள்களில் காலை சுமார் 11.15 மணிக்கும், செப்டம்பர் 28ஐ ஒட்டிய நாள்களில் சுமார் 11 மணிக்கும் நிகழும். அந்நேரத்தில் மாடிக்குச் செல்லுங்கள். டிஷ் வைக்க நினைக்கும் இடத்தில் வெயில் விழுந்தால் கோளுக்கு வழி திறந்திருக்கிறது என்று பொருள். தொட்டியின் நிழலோ மரத்தின் நிழலோ விழுந்தால் வேறிடம் தேடுங்கள். மற்ற மாதங்களில் சூரியன் வடக்கிலோ தெற்கிலோ விலகிவிடுவதால் இச்சோதனை பொருந்தாது. அப்போது திசைகாட்டியும் பாகைமானியும் துணை செய்யும். இரும்புக் கம்பிகளுக்கு அருகில் திசைகாட்டி பொய் சொல்லும் என்பதை மறக்க வேண்டாம்.

அதே நாள்களில் சில நிமிடங்கள் படம் தடுமாறுவதும் உண்டு. சூரியனிலிருந்து வரும் ரேடியோ அலைகள் டிஷ்ஷில் புகுந்து கோளின் மெல்லிய குரலை அமுக்கிவிடுகின்றன. இது பழுதன்று, தானாகவே சரியாகிவிடும்.

மாடியிலிருந்து கூடத்துக்கு

டிஷ் குவித்த அலையை எல்.என்.பி. பெற்றுக்கொள்கிறது. அலையின் அதிர்வெண் 11,000 மெகா ஹெர்ட்ஸுக்கும் மேல். இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணை நீண்ட ஒயர் வழியே அனுப்பினால் வழியிலேயே தேய்ந்துவிடும். எனவே எல்.என்.பி. அதைப் பெருக்கி, அதிர்வெண்ணையும் குறைக்கிறது. 11,600 மெகா ஹெர்ட்ஸ் அலையிலிருந்து 10,600ஐக் கழித்து 1,000 ஆக்கி அனுப்புவது ஓர் எடுத்துக்காட்டு. இதற்கு வேண்டிய மின்சாரம் செட்டாப் பாக்ஸிலிருந்து அதே ஒயர் வழியாக மேலே செல்கிறது.

வீடு கட்டும்போதே, பூச்சு வேலைக்கு முன்னரே, மாடியிலிருந்து கூடம் வரை தனியாக ஒரு பைப் பதித்துவிடுவது சிறந்தது. மின்சார ஒயர் செல்லும் பைப்பில் இதையும் நுழைக்கக் கூடாது. பைப்பின் வாய் மாடியில் கீழ்நோக்கி வளைந்திருந்தால் மழைநீர் இறங்காது. ஒயரின் நடுவே ஒட்டுப் போடுவதைத் தவிர்க்க வேண்டும். ஒட்டில் நீர் புகுந்தால் செம்பு களிம்பேறி, படம் நாளடைவில் நலியும். தட்டோடு பதித்த தளத்தில் துளையிட்டால் மழைநீர் புக வழி வைத்ததாகும். டிஷ்ஷின் காலைக் கைப்பிடிச் சுவரிலோ, கனத்த கான்கிரீட் கட்டை ஒன்றிலோ முடுக்கலாம். புயற்காற்றில் இரண்டு பாகைகூட அசையாதபடி அது உறுதியாக இருக்க வேண்டும்.

எச்.டி. என்பது என்ன?

தொலைக்காட்சிப் படம் புள்ளிகளால் ஆனது. சாதாரணப் படத்தில் வரிக்கு 720 புள்ளிகள், 576 வரிகள்; மொத்தம் 4,14,720. எச்.டி. படத்தில் வரிக்கு 1,920 புள்ளிகள், 1,080 வரிகள், மொத்தம் 20,73,600. சரியாக ஐந்து மடங்கு! வினாடிக்கு 25 படங்கள் வீதம் இவற்றை அப்படியே அனுப்புவதானால் வினாடிக்கு 124 கோடி எண்குறிகள் தேவைப்படும். கோளின் ஒரு தடத்தில் அவ்வளவு இடமில்லை. எனவே, செய்தி வாசிப்பவரின் பின்னாலுள்ள சுவரைப்போல் மாறாத பகுதிகளைத் திரும்பத் திரும்ப அனுப்பாமல், மாறியவற்றை மட்டும் அனுப்பிச் சுருக்குகிறார்கள். படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்தே இவ்வேலை நடைபெறுகிறது. கனமழையில் அலை வலுவிழந்து சில குறிகள் தவறிப்போனால், படம் கட்டம் கட்டமாக உடைவது இதனாலேதான். டிஷ்ஷைத் துல்லியமாகத் திருப்பி வைத்திருந்தால் சிறு மழையைத் தாங்கும். கொட்டும் மழையை எந்தச் சிறு டிஷ்ஷும் வெல்லாது.

இனி, நம் வீட்டுக்காரரின் குறைக்கு வருவோம். எச்.டி. பாக்ஸையும் தொலைக்காட்சியையும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளுள்ள ஏ.வி. ஒயரால் இணைத்திருந்தால், எச்.டி. படம் சாதாரணப் படமாகக் குறைந்தே பெட்டியை அடையும். 36,000 கிலோமீட்டர் கடந்துவந்த நுணுக்கம் கடைசி ஒரு மீட்டரில் வீணாகிறது! எச்.டி.எம்.ஐ. ஒயரால் இணைத்து, பாக்ஸின் அமைப்பில் 1080 வரிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பார்க்கும் சேனலும் எச்.டி. சேனலாக இருக்க வேண்டும்.

அப்படியும் வேற்றுமை தெரியாதிருக்கலாம். நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரைதான் இரு புள்ளிகளைப் பிரித்தறியும். 43 அங்குலப் பெட்டியின் அகலம் 95 சென்டிமீட்டர். இக்கணக்கின்படி, சுமார் 15 அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் சாதாரணப் படத்தின் புள்ளிகளே ஒன்றோடொன்று கலந்துவிடும், எச்.டி.யால் புதிதாகக் காண்பது ஏதுமிராது. அதன் முழுப் பயனையும் பெற ஐந்தரை அடி வரை நெருங்க வேண்டும். 32 அங்குலப் பெட்டிக்கு அந்த 15 அடி, 11 அடியாகக் குறையும். மாதந்தோறும் எச்.டி. சேனல்களுக்குக் கூடுதலாகக் கட்டுமுன், நாற்காலிக்கும் சுவருக்கும் இடையே ஒரு முறை அளந்து பார்ப்பது மேல்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இடி இடிக்கும்போது மின்சாரப் பிளக்கையும் டிஷ் ஒயரையும் பாக்ஸிலிருந்து கழற்றிவிட வேண்டுமென்பதால், இடிக்கும் முன்னரே, வானம் கறுத்ததும் அதைச் செய்துவிடுங்கள். இடி தொடங்கிய பின் அந்த ஒயரைத் தொடுவது உயிருக்கே ஆபத்து.

கோள், டிஷ், எல்.என்.பி., ஒயர், பாக்ஸ், திரை, கண் என்று இவை ஏழும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். எந்தக் கண்ணி நலிந்திருக்கிறதோ, படத்தின் தரம் அதன் அளவுதான். அடுத்த முறை டிஷ் பொருத்துபவர் வரும்போது அவருடன் நீங்களும் மாடிக்குச் சென்று, "எந்தக் கோள், எந்தத் திசை?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பல தொல்லைகள் தீர்ந்துபோகும்.